கோவைப்பழக் கிளி: பழைய எம்பிராய்டரி டிசைனை மீட்டுப் பகிர ஒரு முழு வழிகாட்டி

ஆயுத பூஜைக்கு முன்னால் யூனிட்டை ஒட்டடை அடித்துக் கழுவுவது திருப்பூரில் எல்லோரும் செய்வதுதான். போன வருடம் அப்படிப் பரணை ஒழித்தபோது ஒரு பிஸ்கட் டின்னில் 22 ஃப்ளாப்பிகள் கிடைத்தன. ஒன்றின் லேபிளில் பால்பாயின்ட் பேனாவில் ‘கிளி ஃபைனல் 2’ என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே சின்னதாக 1 2 3 4 4 4 5. யாருடைய போன் நம்பரையோ பாதி எழுதி நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஃபைனல் 1, ஃபைனல் 3 இரண்டும் டின்னில் இல்லை.

அந்தக் கிளியை எனக்குத் தெரியும். 2003 வாக்கில் குழந்தைகள் கவுனுக்காக எங்கள் பஞ்சிங் மாஸ்டர், அதாவது படத்தை மெஷினுக்கான தையல் கணக்காக மாற்றுபவர், போட்ட டிசைன். கிளையில் உட்கார்ந்து கோவைப்பழத்தைக் கொத்தும் பச்சைக்கிளி. ஆயிரக்கணக்கில் ஓட்டினோம். அப்புறம் ஆர்டர் கொடுக்கும் பையர் மாறினார், கம்ப்யூட்டர் மாறியது, கிளி பறந்துவிட்டது. மிச்சம் இருந்தது, என் தங்கை மகள் அந்தக் கவுனைப் போட்டுக்கொண்டு தேர்த் திருவிழாவில் நிற்கும் ஒரு போட்டோ மட்டும்தான்.

அதை மீட்டு, தைத்துப் பார்த்து, மற்றவர்களுக்குக் கொடுக்க எனக்கு 2 மாதம் ஆனது. வேலை என்னவோ நாலைந்து நாள் வேலைதான். மீதி நாளெல்லாம் தப்புத் தப்பாகச் செய்ததில் போனது. உங்கள் பரணிலும் இப்படி ஒரு டின் இருந்தால், அந்த நாலைந்து நாளிலேயே முடிக்க இது உதவும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எம்பிராய்டரி ஃபைலில் இருப்பது ஊசி எங்கே இறங்க வேண்டும் என்ற கணக்கு. என்ன நிறம், என்ன துணி, எந்த இடத்தில் மெஷினை நிறுத்திக் கை வைக்க வேண்டும் என்பதெல்லாம் பெரும்பாலும் ஃபைலுக்கு வெளியேதான் இருக்கும். ஜாப் கார்டு, ஓரத்தில் கிழிந்த சாம்பிள் துண்டு, லேபிளில் உள்ள கிறுக்கல் எதையும் குப்பையில் போடாதீர்கள். நான் இரண்டு ஜாப் கார்டுகளைப் போட்டுவிட்டேன்.

ஃப்ளாப்பியை உடனே டிரைவில் போட வேண்டாம்

முதலில் ஃப்ளாப்பியின் உலோகத் தகட்டை விரலால் நகர்த்தி, உள்ளே தெரியும் கரும்பழுப்புத் தட்டை வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைத் திட்டு இருந்தால் அது பூஞ்சை. அதோடு டிரைவில் போட்டால் அந்த ஃப்ளாப்பி கீறிப்போகும், டிரைவின் ஹெட்டில் அழுக்கு ஒட்டும், அடுத்து போடும் நல்ல ஃப்ளாப்பியும் கெடும். பூஞ்சை பிடித்ததைத் தனியாக எடுத்து வையுங்கள். ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய துணியால், தட்டைச் சுழற்றிச் சுழற்றி மெதுவாகத் துடைக்கலாம். ஆனால் அதைக் கடைசியில், கை பழகிய பிறகு செய்யுங்கள்.

அடுத்து மூலையில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் தாழ்ப்பாள். அதைத் தள்ளி ஓட்டை திறந்து தெரியும்படி வைத்தால், கம்ப்யூட்டரால் படிக்க முடியும், எழுத முடியாது. இதைச் செய்யாமல் எந்தப் பழைய ஃப்ளாப்பியையும் உள்ளே விடாதீர்கள்.

யூஎஸ்பியில் செருகும் ஃப்ளாப்பி டிரைவ் இன்னமும் கிடைக்கிறது. 1.44 எம்பி ஃப்ளாப்பியை அது படிக்கும். ஆனால் போட்டவுடன் ‘இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்யவா?’ என்று கம்ப்யூட்டர் கேட்கலாம். வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தக் கேள்வி வந்தால் ஃப்ளாப்பி கெட்டுவிட்டது என்றும் அர்த்தமில்லை. அந்தக் காலத்து எம்பிராய்டரி மெஷின்கள் சில, தங்களுக்கென்று தனி முறையில் ஃப்ளாப்பியை ஃபார்மட் செய்தன. விண்டோஸுக்கு அது புரியாது. அப்படிப்பட்டதற்கு கிரீஸ்வீசல் என்ற சின்ன போர்டு இருக்கிறது. பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய ஃப்ளாப்பி டிரைவை ரிப்பன் கேபிளால் அதில் மாட்டினால், ஃபார்மட் எதுவானாலும் காந்தப் பதிவை அப்படியே நகலெடுத்துத் தரும். எலக்ட்ரானிக்ஸ் தெரிந்த கல்லூரிப் பையன் ஒருவனைப் பிடித்தால் ஒரு மாலையில் முடிந்துவிடும்.

ஃப்ளாப்பி படித்தால், ஃபைல்களை ஒவ்வொன்றாக இழுத்துப் போடுவதற்கு முன் மொத்த ஃப்ளாப்பியையும் ஒரே இமேஜ் ஃபைலாக (படம் அல்ல, ஃப்ளாப்பியின் முழு நகல்) எடுங்கள். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ இதற்கு நல்லது. படிக்க முடியாத இடத்தைத் தாண்டிப் போய், மற்றதை எடுத்துவிட்டு, திரும்பி வந்து முயற்சி செய்யும். பழைய ஃப்ளாப்பி எத்தனை முறை சுற்றும் என்று சொல்ல முடியாது. முதல் சுற்றிலேயே எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

இப்படி எடுத்ததை ‘மூலம்’ என்ற ஃபோல்டரில் போட்டு, அதன் மேல் இனி எந்த சாஃப்ட்வேரையும் திறக்காதீர்கள். வேலையெல்லாம் நகலில்.

ஃபைல் முழுசாக வந்ததா?

கம்பெனி மெஷின்களில் ஓடிய டிசைன் என்றால் அநேகமாக டிஎஸ்டி ஃபைலாக இருக்கும். தஜிமா மெஷின்களுக்காக வந்த இந்த வடிவத்தை இன்று கிட்டத்தட்ட எல்லா மெஷினும் சாஃப்ட்வேரும் படிக்கும். வீட்டு மெஷின் என்றால் பிரதர் வகைக்கு பிஇஎஸ், உஷா ஜானோம் வகைக்கு ஜெஇஎஃப். ஃபைல் பெயரின் வால் தொலைந்துபோயிருந்தால் நகலை நோட்பேடில் திறந்து பாருங்கள். பெரும்பகுதி கிறுக்கலாகத்தான் தெரியும். ஆனால் முதல் எழுத்துகள் ‘எல்ஏ’ என்று தொடங்கினால் டிஎஸ்டி. ஒரு ஹேஷ் குறியும் ‘பிஇஎஸ்’ என்ற மூன்று எழுத்தும் இருந்தால் பிஇஎஸ். பார்த்துவிட்டு சேவ் செய்யாமல் மூடுங்கள், அது முக்கியம்.

டிஎஸ்டி ஃபைலின் தலைப்பகுதி 512 பைட். அதில் ‘எல்ஏ’ என்பதற்குப் பக்கத்தில் டிசைனின் பெயர் இருக்கும். வெளியே ஃபைல் பெயரை யார் மாற்றியிருந்தாலும் உள்ளே பழைய பெயர் பெரும்பாலும் அப்படியே கிடக்கும். ‘எஸ்டி’ என்பது தையல் எண்ணிக்கை. ‘சிஓ’ என்பது நிற மாற்றங்களின் எண்ணிக்கை. எக்ஸ், ஒய் எண்கள் தொடக்கப் புள்ளியிலிருந்து நான்கு பக்கமும் டிசைன் எவ்வளவு தூரம் போகிறது என்று காட்டும், அளவு 0.1 மி.மீ. கணக்கில். என் கிளிக்கு எக்ஸ் இரண்டு பக்கமும் 482, ஒய் இரண்டு பக்கமும் 640. அதாவது அகலம் 96.4 மி.மீ., உயரம் 128 மி.மீ.

இங்கே ஒரு எளிய சோதனை செய்யலாம். டிஎஸ்டியில் ஒரு தையலுக்கு 3 பைட். கிளியின் தையல் எண்ணிக்கை 11,842. மூன்றால் பெருக்கினால் 35,526, தலைப்பகுதி 512-ஐக் கூட்டினால் 36,038. ஃபைலின் அளவு இதை ஒட்டி இருந்தால் முழுசாக வந்துவிட்டது. பாதிதான் இருக்கிறது என்றால் ஃப்ளாப்பியில் ஏதோ ஒரு இடம் போய்விட்டது, இமேஜை மறுபடியும் எடுத்துப் பாருங்கள். என்னுடையது சரியாக இருந்தது. அன்று மதியம் சாப்பாடு கொஞ்சம் கூடுதலாக இறங்கியது.

இந்த 3 பைட் சிக்கனத்துக்கு ஒரு காரணம் உண்டு. ஃப்ளாப்பிக்கு முன்னால் டிசைன்கள் காகித டேப்பில் ஓட்டை ஓட்டையாகக் குத்தப்பட்டு மெஷினுக்குப் போயின. ‘பஞ்சிங்’ என்று நாம் இன்றும் சொல்வது அந்த ஓட்டை போடும் வேலையைத்தான். இன்று எவரும் எதையும் குத்துவதில்லை, ஆனாலும் மாஸ்டர் பஞ்சிங் மாஸ்டர்தான்.

திரையில் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்

டிசைனைத் திறக்க விலை கொடுத்து சாஃப்ட்வேர் வாங்க வேண்டியதில்லை. இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் இங்க்ஸ்டிச் என்ற இலவச இணைப்பைப் போட்டால் டிஎஸ்டி, பிஇஎஸ், ஜெஇஎஃப் மூன்றும் திறக்கும், மாற்றி சேமிக்கவும் செய்யலாம். வெறுமனே பார்க்க மட்டும் என்றால் வில்காமின் ட்ரூசைசர் போதும்.

திறந்தவுடன் கிளி நீலமாகவும் கிளை ரோஸாகவும் இருந்தது. பயப்பட வேண்டாம். டிஎஸ்டியில் நிறமே கிடையாது. ‘இங்கே நூலை மாற்று’ என்ற சைகை மட்டும்தான் இருக்கும். சாஃப்ட்வேர் தன் இஷ்டத்துக்கு நிறம் போட்டுக் காட்டுகிறது.

இப்போது தையல் தையலாக ஓட்டிப் பார்க்கும் வசதியை எடுத்து, மெதுவாக, கையில் பேப்பரோடு பாருங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் எந்தப் பகுதி தைக்கப்படுகிறது என்று எழுதுங்கள். கிளிக்கு நான் எழுதியது: ஒன்று, கிளை. இரண்டு, உடல். மூன்று, இறக்கைக் கோடுகள். நான்கு, பழத்தைச் சுற்றி ஒற்றை வரி. ஐந்து, அதே வரி மறுபடியும். ஆறு, பழத்தின் விளிம்பில் சாட்டின் தையல் (நூல் நெருக்கமாக இப்பக்கமும் அப்பக்கமும் போய்வரும் பட்டை), கூடவே மூக்கு. ஏழு, கண்ணும் கழுத்து வளையமும்.

நிற மாற்றம் 6 என்றால் பகுதிகள் 7, கணக்கு சரி. ஆனால் போட்டோவில் 5 நிறம்தான். பழுப்பு, இளம்பச்சை, கரும்பச்சை, சிவப்பு, கறுப்பு. இரண்டு பகுதி எங்கே போனது? பழத்தைச் சுற்றி ஒரே வரி ஏன் இரண்டு தடவை? அந்தக் காலத்துப் பஞ்சிங்கில் ஏதோ கைத்தவறு என்று முடிவு செய்து, தேவையில்லாத இரண்டு வரிகளையும் அழித்தேன். அங்கேதான் முதல் தப்பு.

நிறத்தை எங்கே தேடுவது?

பழைய சாம்பிள் துணி இருந்தால் அதைத் திருப்பிப் போடுங்கள். முன்பக்கம் வெயிலிலும் துவைப்பிலும் வெளுத்திருக்கும். பின்பக்கம் அவ்வளவு வெளுத்திருக்காது. நூலின் இழுப்பு சரியாக இருந்து ஓடிய சாட்டின் தையலின் பின்புறத்தில் நடுவே பாபின் நூல், அதாவது அடி நூல், வெள்ளையாகவும், இரண்டு ஓரத்திலும் மேல் நூலின் நிறம் கோடாகவும் தெரியும். அந்த ஓரக் கோட்டின் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் நூல் கார்டோடு ஒப்பிடுங்கள்.

எனக்குத் துணி கிடைக்கவில்லை, போட்டோ மட்டும். போட்டோவின் பச்சையை நம்பக் கூடாது, பிரிண்ட் பழசானால் நிறம் மாறிவிடும். ஆனால் போட்டோவில் தெரிந்த இன்னொரு நிறத்தை வைத்து ஊகிக்கலாம். குழந்தை பக்கத்தில் ஒரு வாழை இலை இருந்தது. அதைவிடக் கிளி இளசா, முற்றலா என்று பார்த்து நூல் எடுத்தேன்.

நூல் எண்ணை எழுதும்போது கம்பெனிப் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் எண் வரிசை வேறு. வெறும் எண் யாருக்கும் உதவாது.

முதல் தையல்

புதுத் துணியில், பகிர்வதற்கு முன், ஒரு முறையாவது தைத்தே ஆக வேண்டும். திரையில் அழகாக இருப்பதெல்லாம் துணியில் அழகாக வரும் என்றால் எங்கள் தொழிலில் பாதிப் பேருக்கு வேலை இருக்காது.

மூலத் துணி எதுவோ அதற்கு நெருங்கியதையே எடுங்கள். கிளி பாப்ளினில் ஓடியது. அதற்குப் பின்னால் கிழித்தெடுக்கும் பேப்பர் போதும். பனியன் துணி என்றால் இழுபடும், வெட்டி எடுக்கும் வகை ஸ்டெபிலைசர் (துணிக்குப் பின்னால் தாங்கலாக வைப்பது) வைக்க வேண்டும். 40-ஆம் நம்பர் நூலுக்கு 75/11 ஊசி. 128 மி.மீ. உயரம் என்பதால் 100-க்கு 100 மி.மீ. ஹூப்பில் (துணியை இறுக்கிப் பிடிக்கும் சட்டம்) அடங்காது, 130-க்கு 180 ஹூப் வேண்டும். வீட்டு மெஷினில் நிமிடத்துக்கு 600 தையல் வேகத்தில் வைத்தால், நூல் மாற்றும் நேரம் போக 20 நிமிடம்.

ஓடி முடிந்தது. கிளி அருமை. பழம் காலி. சிவப்பு விளிம்புக்குள் வெறும் வெள்ளைத் துணி. கிளி வளையலைக் கொத்துவது போல இருந்தது.

அன்று இரவு மாஸ்டருக்கு போன் செய்தேன். வேலையை விட்டு ஊரில் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். “ஃப்ளாப்பி மேல எழுதியிருப்பேனே தம்பி, 1 2 3 4 4 4 5ன்னு. பழம் ஆப்ளிக். சிவப்பு சாட்டின் துணி வெச்சு ஓட்டணும்.”

ஆப்ளிக் என்றால் வேறு துணித் துண்டை மேலே வைத்துத் தைப்பது. அந்த எண்கள் ஊசி வரிசை. எங்கள் மெஷினில் நான்காவது ஊசியில் சிவப்பு. அடுத்தடுத்த மூன்று பகுதிக்கும் அதே ஊசி. முதல் வரி, துணியை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டும் அடையாளக் கோடு. மெஷின் நிற்கும். சிவப்புத் துண்டை அதன் மேல் வைக்க வேண்டும். இரண்டாவது வரி அந்தத் துண்டைப் பிடித்துத் தைக்கும். மறுபடியும் நிற்கும். ஹூப்பிலிருந்து துணியைக் கழற்றாமல், ஹூப்பை மட்டும் வெளியே எடுத்து, வளைந்த கத்தரியால் கோட்டை ஒட்டி மிச்சத் துணியை வெட்ட வேண்டும். பிறகு சாட்டின் தையல் வெட்டிய விளிம்பை மூடும். டிஎஸ்டியில் ‘துணி வை’ என்று சொல்ல வழியில்லாததால், அதை நிற மாற்றமாகவே எழுதுவார்கள்.

ஆகவே பழைய டிசைனில் நிறங்களைவிட நிறுத்தங்கள் அதிகமாக இருந்தால், ஒரே வரி இரண்டு முறை ஓடினால், அதை அழிக்கும் முன் ஆப்ளிக்கா என்று யோசியுங்கள். மூலம் ஃபோல்டரைத் தொடாமல் வைத்திருந்ததால் அழித்த வரிகள் எனக்குத் திரும்பக் கிடைத்தன.

எதைத் திருத்தலாம், எதை விட்டுவிட வேண்டும்?

20 வருடத்துக்கு முந்தைய டிசைனை இன்றைய மெல்லிய ரேயான் துணியில் ஓட்டினால் சுருக்கம் விழலாம். அப்போதெல்லாம் அடர்த்தியாகப் போடுவதுதான் தரம் என்று நினைத்தோம். நிரப்புத் தையலில் வரிக்கு வரி 0.4 மி.மீ. இடைவெளி சாதாரண அளவு. அதைவிட நெருக்கமாக இருந்தால் கொஞ்சம் தளர்த்தலாம். 0.5 மி.மீ.க்கும் குறைவான குட்டித் தையல்கள் ஒரே இடத்தில் குவிந்திருந்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும், பெரும்பாலான சாஃப்ட்வேரில் அவற்றை நீக்கும் வசதி உண்டு.

அளவை மாற்ற வேண்டுமென்றால் 10 சதவீதத்துக்குள் நிறுத்துங்கள். டிஎஸ்டியில் வெறும் தையல் புள்ளிகள்தான் இருக்கின்றன. ஒன்றரை மடங்கு பெரிதாக்கினால் 0.4 இடைவெளி 0.6 ஆகி, இடையே துணி பல்லிளிக்கும். பாதியாகச் சுருக்கினால் 0.2 ஆகி அட்டை போல விறைக்கும், ஊசி உடையும். மாஸ்டர் வேலை செய்த மூல ஃபைல், அதாவது வில்காமின் இஎம்பி போன்றது, கிடைத்தால் கதையே வேறு. அதில் வடிவங்கள் வடிவங்களாகவே இருக்கும், எவ்வளவு மாற்றினாலும் தையலைப் புதிதாகக் கணக்கிட்டுக்கொள்ளும். ஃப்ளாப்பிகளில் அதையும் தேடுங்கள்.

பகுதிக்குப் பகுதி நீளமான நூல் இழுத்துக்கொண்டு போனால் அது டிசைனின் குறை அல்ல. டிஎஸ்டியில் நூலை வெட்டு என்பதற்குத் தனிக் கட்டளை இல்லை. தைக்காமல் நகரும் தாவல்கள் தொடர்ந்து இத்தனை வந்தால் வெட்டு என்று மெஷினில் நாம்தான் செட் செய்வோம். உங்கள் மெஷினின் செட்டிங்கைப் பாருங்கள்.

ஆனால் மாஸ்டரின் கை தெரியும் இடங்களைத் திருத்தாதீர்கள். கிளியின் கழுத்து வளையம் ஒரு பக்கம் கொஞ்சம் தடித்திருக்கிறது. அது அப்படித்தான் இருக்க வேண்டும்.

துணி மட்டும்தான் இருக்கிறது என்றால்

ஃபைலே கிடைக்காமல், தைத்த துணி மட்டும் இருந்தாலும் வழி உண்டு. துணியைத் தட்டையாக ஸ்கேனரில் வைத்து, பக்கத்தில் ஒரு ஸ்கேலும் வைத்து, 300 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். இங்க்ஸ்கேப்பில் அந்தப் படத்தின் மேல் வடிவங்களை வரைந்து, இங்க்ஸ்டிச்சில் ஒவ்வொன்றுக்கும் நிரப்புத் தையலா, சாட்டினா, ஓட்டத் தையலா என்று சொல்ல வேண்டும். தையலின் திசை எந்தப் பக்கம் என்பதைத் துணியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மினுமினுப்பு காட்டிக்கொடுக்கும். லென்ஸ் வைத்து 1 செ.மீ.க்குள் எத்தனை வரி என்று எண்ணுங்கள். 25 வரி என்றால் இடைவெளி 0.4 மி.மீ. இது மீட்பதைவிட மறுபடியும் வரைவதுதான், அதைக் குறிப்பில் ஒளிக்காமல் எழுதிவிடுங்கள்.

கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டா?

இதில் பலர் சறுக்குகிறார்கள். ஃபைல் உங்கள் டின்னில் இருப்பதால் டிசைன் உங்களுடையது ஆகாது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை செய்யும்போது ஒருவர் வரைந்தது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்குப் போகும். பையர் படம் கொடுத்து நீங்கள் பஞ்ச் மட்டும் செய்திருந்தால் படம் அவருடையது. கார்ட்டூன் பொம்மை, கம்பெனி லோகோ, கிரிக்கெட் அணியின் சின்னம் எதையும் பகிராதீர்கள். மெஷினோடு வந்த டிசைன், காசு கொடுத்து வாங்கிய டிசைன் எல்லாம் நீங்கள் தைக்கத்தான், பெரும்பாலும் ஃபைலைக் கைமாற்ற அனுமதி இருக்காது.

பதிவு செய்யாத வடிவமைப்பைத் தொழிற்சாலை முறையில் 50-க்கு மேல் உற்பத்தி செய்துவிட்டால் அதன் பதிப்புரிமை போய்விடும் என்று அதே சட்டத்தின் 15-ஆம் பிரிவு சொல்வதைப் பிடித்துக்கொண்டு, ‘பழசெல்லாம் இலவசம்’ என்பவர்கள் இருக்கிறார்கள். மூலப் படம் வேறு, துணியில் போட்ட வடிவமைப்பு வேறு என்று வக்கீல்கள் சண்டை போடும் இடம் அது. ஒரு போன் செய்து கேட்பது சுலபம். கிளி எங்கள் யூனிட்டின் சொந்த டிசைன். முதலாளியிடம் எழுத்தில் வாங்கினேன். மாஸ்டரிடம் சட்டப்படி கேட்கத் தேவையில்லை, கேட்டேன். “தாராளமா குடு. ஆனா பழத்துக்குப் பளபளப்பான துணி வைக்கச் சொல்லு, மேட் துணி வெச்சா பழம் செத்துப்போகும்” என்றார்.

கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதிவிட்டால் வாங்குபவருக்கும் குழப்பம் இல்லை. பெயர் குறிப்பிட்டால் போதுமா, விற்பனைக்குத் தைக்கலாமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். நாங்கள் விற்பனைக்கும் அனுமதித்தோம்.

பொட்டலம் கட்டுதல்

ஒரே ஃபோல்டரில் தொடாத மூல டிஎஸ்டி, திருத்திய டிஎஸ்டி, பிஇஎஸ், ஜெஇஎஃப் எல்லாம் இருக்கட்டும். பிஇஎஸ், ஜெஇஎஃப் ஆக மாற்றும் முன் சாஃப்ட்வேரில் சரியான நிறங்களைப் போட்டுவிடுங்கள், அந்த வடிவங்களில் நிறமும் சேர்ந்து போகும். பழைய வீட்டு மெஷின்கள் புதிய பதிப்பு பிஇஎஸ்ஸைப் படிக்காது, பழைய பதிப்பிலேயே சேமியுங்கள். ஃபைல் பெயர் ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல், 8 எழுத்துக்குள். தமிழில் பெயர் வைக்க ஆசையாகத்தான் இருக்கும், மெஷினின் திரைக்குத் தமிழ் தெரியாது.

தைத்த சாம்பிளின் போட்டோ இரண்டு வேண்டும், முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, ஸ்கேலோடு. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எல்லாவற்றையும் ஜிப் செய்து டாக்குமென்டாக அனுப்புங்கள். வாங்குபவர் பிரித்த பிறகுதான் பென்டிரைவில் போட வேண்டும், மெஷின் ஜிப்பைத் திறக்காது. பென்டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த சின்னதாக இருந்தால் பழைய மெஷினும் படிக்கும்.

கடைசியாக ஒரு குறிப்பு ஃபைல், தமிழில். அளவு, தையல் எண்ணிக்கை, பகுதி வாரியாக நிறமும் நூலும், துணி, ஸ்டெபிலைசர், வரைந்தவர் பெயர் அவர் சம்மதத்தோடு, நீங்கள் மாற்றியது என்ன என்பது. எங்கள் கிளியின் குறிப்பில் 1 2 3 4 4 4 5 வரிசையைப் பெரிதாகப் போட்டு, எந்த நான்குக்குப் பிறகு துணி வைக்க வேண்டும், எதற்குப் பிறகு வெட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். அப்படியும் முதலில் வாங்கிய தையற்கார அக்கா ஒருவர், பழம் காலியாக இருக்கும் போட்டோவை அனுப்பி, “தம்பி, கிளி எதைக் கொத்துது?” என்று கேட்டார்.